எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் பதிவு செய்வது: லைனா, மைக்கா?

வேப்பூர் கூட்டுரோட்டை ஒட்டி ஒரு கான்கிரீட் வீடு. பத்துக்குப் பத்து அறை, சிமென்ட் பூசிய சுவர், டைல்ஸ் பதித்த தரை, தலைக்கு மேல் மின்விசிறி. வெளியே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிகள். உங்களிடம் ஒரு எலக்ட்ரிக் கிட்டார், பத்துப் பதினைந்து வாட் பயிற்சி ஆம்ப், ஒரு லேப்டாப் இருக்கின்றன. அந்தக் கிட்டாரை நல்ல தரத்தில் பதிவு செய்ய வேண்டும். வழிகள் இரண்டுதான். கிட்டாரை நேரே ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்பின் வேலையைக் கணினிக்குள் செய்வது முதல் வழி. நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் இதை லைனில் கொடுப்பது என்பார்கள். ஆம்பைப் பாட வைத்து அதன் முன் மைக் வைப்பது இரண்டாவது. இப்படி ஒரு வீட்டில் லைன்தான் முதல் வழி என்றும், மைக் வைத்தாலும் லைனையும் கூடவே எடுத்து வைக்க வேண்டும் என்றும் இந்த அத்தியாயம் வாதிடுகிறது. காரணங்களைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

ஏன் லைன் முதலில்?

ஸ்டுடியோவில் ஆம்ப் ஓர் அறையிலும், கேட்பவர் கண்ணாடிக்கு அப்பால் வேறோர் அறையிலும் இருப்பார்கள். மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினால் ஒலி என்ன ஆகிறது என்று ஸ்பீக்கரில் கேட்டே அவரால் தீர்மானிக்க முடியும். வீட்டில் இருப்பது ஒரே அறை. ஆம்ப் பக்கத்திலேயே முழங்கும்போது, ஹெட்போனில் கேட்பது மைக்கின் ஒலியா, ஹெட்போனைத் தாண்டி வரும் ஆம்பின் ஒலியா என்று காதுக்குப் பிரித்துச் சொல்ல வராது. அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பதிவு செய்து, ஆம்பை நிறுத்தி, கேட்டு, மறுபடி மைக்கை நகர்த்தி என்று வேலை இழுக்கும். அவ்வளவுக்குப் பிறகும் கிடைத்த ஒலியை மாற்ற முடியாது. சுட்ட பீங்கானை யாரும் மறுபடி பிசைய முடியாது. லைனில் எடுத்த டிராக் இன்னும் சூளைக்குப் போகாத மண். பாடல் முக்கால்வாசி முடிந்த பிறகு டிஸ்டார்ஷன் அதிகம் என்று தோன்றினால், ஒரு குமிழைத் திருகிக் குறைத்துவிடலாம். மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

மைக்கை ஸ்பீக்கருக்கு மிக நெருக்கமாக வைத்தால் அறையின் எதிரொலியும் வெளிச்சத்தமும் அடங்கிவிடுமே என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மைதான். டிஸ்டார்ஷனோடு ஓயாமல் அடிக்கும் ரிஃப்களுக்கு அது போதும். ஆனால் சுத்தமான ஒலியில் ஒரு நோட்டை நீளவிட்டு அது மெல்லத் தேயும்போது, அடியில் விசிறியின் இரைச்சலும் லாரியின் ஏர்ஹார்னும் எழுந்து வரும். விசிறியை நிறுத்தினால் சித்திரை, வைகாசியில் பத்து நிமிடத்தில் விரல் வியர்த்து, கம்பி வழுக்கும். சூட்டில் சுருதியும் நழுவும். லைனில் இந்தத் தொல்லை இல்லை. கிட்டாரின் பிக்கப் காற்றின் அதிர்வைக் கேட்பதில்லை, இரும்புக் கம்பியின் அசைவைத்தான் கேட்கிறது. ஆகவே லைனில் எடுக்கும்போது விசிறி ஓடலாம், பக்கத்து அறையில் குழந்தை அழலாம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடியிருக்கலாம். அந்தச் சத்தம் எதுவும் டிராக்கில் ஏறாது.

பெரிய இசைத்தட்டுகள் எல்லாம் மைக் வைத்து எடுத்தவைதானே என்பது அடிக்கடி எழும் மறுப்பு. பெரும்பாலானவை அப்படித்தான். எல்லாம் அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959-ல் வாங்கிய ஒரு சாதாரண வீட்டில் நடந்த மோடவுன் ஸ்டுடியோவில், 1960-களில் கிட்டாரையும் பேஸ் கிட்டாரையும் நேரே மிக்ஸரில் கொடுத்தே எடுத்தார்கள். பீட்டில்ஸ் 1968-ல் வெளியிட்ட ‘ரெவல்யூஷன்’ பாட்டின் கரகரத்த கிட்டார், ஆம்பே இல்லாமல் ஆபி ரோடு ஸ்டுடியோவின் மிக்ஸரை அளவுக்கு மீறித் தள்ளி உண்டாக்கியது. வீட்டில் எடுத்தால் தரம் வராது என்ற நினைப்புக்கும் நம்மிடமே பதில் இருக்கிறது. ஏ.ஆர். ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் வந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவானது. அவர் வீட்டையும் உங்கள் அறையையும் ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் இருக்கும் இடத்துக்கு ஏற்ற முறையைத் தேர்வது இசைக்குக் குறைச்சல் ஆகாது.

எதையும் செருகும் முன்: எர்த்

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் அல்லது கணினியின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. அதாவது நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது வீட்டின் எர்த் வயரை. அது சரியாக இருந்தால் நல்லது. பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை பிளக்கில் இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. கம்பியைத் தொட்டால் ‘எர்த் அடிக்கிறது’ என்று சொல்லி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தொடர்ந்து வாசிப்பவர்கள் உண்டு. அது எச்சரிக்கை, பழகிக்கொள்ளும் விஷயம் அல்ல. 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்ற தேர்ந்த கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். கிட்டாரைப் பிடித்த கையோடு பாடும் மைக்கை உதட்டால் தொடுகிற யாருக்கும் அதே ஆபத்து உண்டு.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பொம்மையோடு மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் செய்கிறார்கள். அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பலகையிலும் இருக்கலாம். அந்தக் கட்டை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. பல ஆம்பியர் ஓடினால்தான் அதன் கம்பி உருகும். மனிதனின் இதயத்தைக் குலைக்க ஆம்பியரில் ஒரு சிறு பின்னமே போதும். ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி.

1. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நீங்கள் பயன்படுத்தும் பிளக்கில் எர்த் உண்மையில் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.
2. ஆம்ப், லேப்டாப், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து, எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இணையுங்கள். வேறு வேறு பிளக்கில் இருந்தால் ‘ம்ம்ம்’ என்ற ஹம் வர வாய்ப்பு அதிகம்.
3. ஹம்மைப் போக்க எர்த் பின்னை வெட்டவோ, டேப் ஒட்டி மறைக்கவோ செய்யாதீர்கள். ஹம் போகும், காவலும் போகும்.
4. வால்வ் ஆம்ப் இருந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.
5. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே முடிந்தது. தகுந்த வாட் உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.
6. ஆம்பின் ‘ஸ்பீக்கர்’ அவுட்டை ஒருபோதும் இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். அது சிக்னல் அல்ல, சக்தி. இன்டர்ஃபேஸ் எரியும்.

லைனில் எடுக்கும் முறை

இங்கே வரும் முதல் தவறு ஓட்டையிலேயே நேர்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. அது மிக மெல்லிய மின்னோட்டத்தைத்தான் தர வல்லது. அதை வாங்குகிற இன்புட் சுமார் ஒரு மெகாஓம் எதிர்ப்போடு இருக்க வேண்டும். கீபோர்டுக்கான லைன் இன்புட் பெரும்பாலும் பத்து, இருபது கிலோஓம்தான். அதில் செருகினால் பிக்கப் மூச்சுத் திணறும். கூர்மை போய், போர்வை போர்த்தியது போல ஒலிக்கும். ‘லைனில் எடுத்தால் உயிரே இல்லை’ என்று சொல்பவர்களில் பலர் இந்தத் தவறான ஓட்டையில் கேட்டவர்கள்தான்.

1. புதுக் கம்பி மாட்டி, இழுத்துவிட்டு, சுருதி சேருங்கள். பழைய கம்பியின் மந்தத்தை எந்த மென்பொருளும் மீட்காது.
2. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’, ‘ஹை-இசட்’ அல்லது கிட்டார் படம் போட்ட பட்டனை அழுத்திவிட்டு, ஆறு மீட்டருக்கு மேல் போகாத கேபிளால் கிட்டாரைச் செருகுங்கள். கேபிள் நீள நீளக் கூர்மை குறையும்.
3. ரெக்கார்டிங் மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். டிராக் மோனோ.
4. கிட்டாரின் வால்யூமை முழுக்கத் திறந்து, பாட்டில் அடிக்கப்போகும் மிகப் பலமான அடியை அடித்துப் பாருங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி கெயினை வையுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த டேக் பாழ். 24 பிட்டில் சத்தம் குறைவாக எடுத்தாலும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட அலையை ஒட்ட முடியாது.
5. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள். பஃபரை 128 அல்லது 64 சாம்பிளில் வையுங்கள்.
6. டிராக்கின் மேல் ஆம்ப் பிளக்-இன் போடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ இலவசமாகவே கிடைக்கிறது.
7. அதற்குப் பின்னால் கேபினட் ஐ.ஆர். என்ற ஸ்பீக்கர்-பெட்டியின் பதிவைப் போடுங்கள்.
8. பதிவாவது சுத்தமான லைன் ஒலியா, பிளக்-இன் கலந்த ஒலியா என்று ஒரு வரி எடுத்துச் சரிபாருங்கள். சுத்தமானதுதான் பதிவாக வேண்டும்.

ஏழாவது படியைத் தவறவிடுவதுதான் லைனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ ஐந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பில் பெரும்பகுதியை விழுங்குவது அந்தக் காகிதக் கூம்புதான். அது இல்லாமல் ஆம்பை மட்டும் போட்டால், தகர டப்பாவில் அடைபட்ட குளவி போல ஒலிக்கும். நேர்மாறான தவறும் உண்டு. ஆம்ப் பிளக்-இன்னுக்குள்ளேயே கேபினட் இருக்கும்போது மேலே இன்னொன்றைப் போட்டால் ஒலி கிணற்றுக்குள் போகும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

விரல் அசைவுக்கும் ஒலிக்கும் நடுவே தாமதம் வருகிறது, வாசிக்கவே முடியவில்லை என்ற புகாரைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 128 பஃபர், 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வரும் முழுப் பயணமும் நல்ல டிரைவரில் பத்து மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. அப்படியென்றால் பத்து மில்லிசெகண்ட் தாமதம், ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். கோயில் திருவிழா மேடையில் அதைவிடத் தள்ளி நின்று வாசிக்கிறார்கள். அதற்கும் மேல் இழுத்தால் குற்றம் டிரைவரிலோ, பின்னணியில் ஓடும் மற்ற மென்பொருள்களிலோ இருக்கிறது, முறையில் இல்லை.

ஹம்மைத் தேடிப் பிடிப்பது

லைனுக்கு அறைச் சத்தம் எதிரி அல்ல, மின்சத்தம் எதிரி. சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் காற்றிலிருந்தே பிடித்துவிடும். முதலில் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் ஹம் சட்டென்று தாழும். நாற்காலியை அப்படியே போட்டு அங்கேயே வாசியுங்கள். அடுத்து, விசிறி ரெகுலேட்டரைப் பாருங்கள். படியே இல்லாமல் திருகத் திருகக் கூடிக் குறையும் வகை, மின்னலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு கிட்டாரில் ‘ஜ்ஜ்’ என்று கேட்கும். நடு வேகத்தில் சத்தம் இருந்து, முழு வேகத்தில் காணாமல் போனால் திருடன் அவன்தான். ‘டக் டக்’ என்று ஒன்று முதல் ஐந்து வரை நிற்கும் கப்பாசிட்டர் ரெகுலேட்டரை மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மலிவான எல்.இ.டி. பல்புகளையும் செல்போன் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். செல்போனை ஃபிளைட் மோடில் போடுங்கள்.

குறிப்பு: லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால், பேட்டரியில் ஓட்டியே பதிவை முடியுங்கள். மின்தடை நேரத்தில் பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டிப் பதிவு செய்யாதீர்கள், உறுமல் நிச்சயம். பேட்டரியில் ஓடும் லேப்டாப்போடு லைனில் எடுப்பதற்கு மின்தடை தடையே அல்ல.

மைக் எப்போது? எப்படி?

மைக்குக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆம்ப் அறையில் முழங்கும்போது கம்பி தானே அதிர்ந்து, நோட்டு அணையாமல் நீண்டு ஊளையிடும் ஃபீட்பேக் ஹெட்போனில் வராது. வாசிப்பவரின் கை அந்த முழக்கத்துக்குப் பதில் சொல்வதும் உண்மை. இதைத்தான் ‘ஃபீல்’ என்கிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் அந்த ஃபீல் வர ஆம்ப் சத்தமாக ஓட வேண்டும், அதற்கு அக்கம்பக்கத்தார் இடம் தர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வால்யூம் ஒன்றில் வைத்த பயிற்சி ஆம்பின் முன் மைக் வைப்பவருக்கு, லைனின் வசதியும் கிடைக்காது, ஆம்பின் வலிமையும் கிடைக்காது. நல்ல ஆம்ப், பகல் நேரம், சத்தம் போட அனுமதி என்ற மூன்றும் சேர்ந்தால் மைக்கை எடுங்கள்.

1. ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி மர ஸ்டூலில் வையுங்கள்; சுவர் மூலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். மூலையும் டைல்ஸ் தரையும் அடிச்சுரத்தை ஊதிவிடும்.
2. மைக்குக்குப் பின்னாலும் பக்கங்களிலும் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு எதிரே ஆம்பை வைப்பதும் பலன் தரும்.
3. மைக் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் வகையாக இருக்கட்டும். 1965-ல் வந்த அது, கிட்டார் ஆம்புக்குப் பழகிய தேர்வு. அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் தேவையில்லை. பட்டனை அணைத்து வையுங்கள்.
4. டார்ச்சை வலைத்துணிக்கு நெருக்கமாகப் பிடித்து உள்ளே அடித்துப் பாருங்கள். கூம்பின் நடுவே வட்ட மூடி தெரியும். அந்த மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மைக்கை நிறுத்துங்கள்.
5. ஒலி கூர்மையாகக் குத்தினால் மைக்கைக் கூம்பின் ஓரத்தை நோக்கி ஒரு விரற்கடை நகர்த்துங்கள். மந்தமாக இருந்தால் நடுவை நோக்கி. ஈக்யூவைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.
6. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரே நாலு வரியை வாசித்துப் பதிவு செய்து, ஆம்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.
7. ஆம்பில் கெயினை நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் குறையுங்கள். அறையில் சுகமாக இருக்கும் டிஸ்டார்ஷன், பதிவில் குழம்பாகிவிடும்.

காதைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். தொழிலிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். சிறிய அறையில் 15 வாட் ஆம்ப் அந்த அளவை எளிதாகத் தொடும். மைக்கைச் சரிசெய்யக் குனியும்போது ஸ்பீக்கருக்கு நேரே காதைக் கொண்டுபோகாதீர்கள். லைனில் எடுப்பவருக்கும் இது பொருந்தும்: பிளக்-இன் மாற்றும்போது ஒலி திடீரென்று எகிறலாம், அதற்கு முன் ஹெட்போனைக் கழற்றுங்கள்.

இரண்டையும் சேர்த்து எடுப்பது

மைக் வைக்கும் நாளிலும் லைனை விடக் கூடாது. சந்தையில் டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சிறு பெட்டி கிடைக்கும். கிட்டாரை அதில் செருகினால், ஒரு வாய் ஆம்புக்குப் போகும், இன்னொரு வாய் இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்குப் போகும். ஹம் வந்தால் அந்தப் பெட்டியிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டுமே பிரிப்பது, பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை; அதனால் பாதுகாப்பானது. இரண்டு டிராக்கையும் ஒன்றாக ஓட்டும்போது ஒலி மெலிந்து போனால், ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மைக் டிராக்கில் லாரி ஹார்ன் விழுந்த இடத்துக்கு, லைன் டிராக்கிலிருந்து ஆம்ப் ஒலியை உருவாக்கி ஒட்டலாம். பின்னாளில் நல்ல ஸ்டுடியோ ஒன்றின் ஆம்புக்குள் அதே லைன் டிராக்கை ரீஆம்ப் பெட்டி வழியாக அனுப்பி, புதிதாக மைக் வைத்தும் எடுக்கலாம்.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்றால்: எலக்ட்ரீஷியன், ஆர்சிசிபி, புதுக் கம்பி, ஹை-இசட் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், மூடிய வகை ஹெட்போன். மைக் அதற்குப் பிறகு. கிட்டாரைச் செருகும் முன், இந்த வாரமே எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.